ஆறாவது நகம்

சார் வலது கையால் பலகையில் ஒரு வரி எழுதுகிறார். இடது கையை வாய்க்கு நேரே தூக்கி ஊதுகிறார். மறுபடி ஒரு வரி, மறுபடி ஓர் ஊதல். நகப்பூச்சு காய வேண்டுமே! ஆளைப் பார்த்தால், பளு தூக்கும் போட்டிக்கு நடுவராகப் போனவர் மாடி மாறி ஏறிவிட்டார் என்றுதான் தோன்றும். அப்படி ஒரு தோள், அப்படி ஒரு மீசை. பூச்சு வாடை ஆகாது, தும்முவார். தும்மினால் முன்வரிசைத் தாள்கள் பறக்கும்.

தெருவில் அவர் 'நெயில்பாலிஷ் சார்'. அவருக்கு வருத்தமில்லை. "பிரின்டர் ரிப்பேர் பண்ணினப்போ ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. இப்போ பஸ்ஸே திரும்பிப் பாக்குது" என்பார்.

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கோடிங் வகுப்பு. ஆரம்பத்தில் பொம்மைக் காருக்கு புரோகிராம் எழுதி ஓடவிடுவது ஒன்றுதான் பாடம். பெண்கள் வரவில்லை. 'பெண்களும் வரலாம்' என்று வாசலில் எழுதி வைத்தார். அந்த 'உம்'மைப் படித்தவர்கள் அப்படியே நடையைக் கட்டினார்கள். சுவருக்கு ரோஸ் வண்ணம் அடித்தார். ஒருத்தி வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். "பெயிண்ட் நல்லா இருக்கு சார். உள்ள அதே கார்தானே?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

"வரலை வரலைன்னு புலம்புறீங்களே, உனக்கு என்னம்மா பிடிக்கும்னு ஒருத்தியையாவது கேட்டீங்களா?" என்றார் மனைவி.

கேட்டார். வந்தது வினை. இப்போது ஒருத்தி பின்னல் ஜடைக்கு புரோகிராம் எழுதுகிறாள். இன்னொருத்தி மணி கோக்க. கார்தான் வேண்டும் என்பவளுக்குக் காரும் உண்டு. "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்றதுதான் லூப்பு. காருக்கும் லூப்புதான், ஜடைக்கும் லூப்புதான். சுத்துறது யாருன்னு லூப்புக்குத் தெரியவா போகுது?" என்பது சாரின் தத்துவம்.

நகப்பூச்சு புரோகிராம் ஒரு பெண்ணுடையது. கட்டட இன்ஜினியர் வீட்டுப் பெண். முன்பு வேறு ஒரு பெரிய கோடிங் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காதவள். இங்கே தோழிகள் வைத்த பெயர் 'ரேடியோ'. உடையின் நிறத்தைச் சொன்னால் எந்த விரலுக்கு என்ன வண்ணம் என்று அவளுடைய புரோகிராம் சொல்லும். சோதனைக்கு சாரின் இடது கை. வலது கை எழுதும் கை, அதற்கு விலக்கு. புரோகிராம் சொன்னதைப் பூச வேண்டும், சொல்லாததைத் தொடக்கூடாது. இரக்கத்துக்கு இடமில்லை. தவறு இருந்தால் அது சாரோடு வீட்டுக்குப் போகும்.

அந்த வாரம் சுண்டுவிரல் மொட்டையாகத் திரிந்தது.

"என்ன சார், பாட்டில் காலியா?" என்றார் கீழே மருந்துக் கடைக்காரர்.

"புரோகிராம்ல தப்பு. அவளே கண்டுபிடிக்கணும்."

"நீங்க சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா அப்புறம் இந்த விரல் எதுக்கு?"

சனிக்கிழமை இன்ஜினியர் மாடியேறி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். கோடிங் கத்துக்கத்தான் அனுப்பிச்சேன். வீட்ல ஒரே பியூட்டி பார்லர் பேச்சு. இன்னியோட போதும், பழைய கிளாஸுக்கே போகட்டும்."

ரேடியோ நின்றுபோனது.

சார் வாதாடவில்லை. விரலை நீட்டினார். "கூட்டிட்டுப் போங்க. ஆனா இதைச் சரி பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க. நான் இப்படியே எத்தனை நாள் திரியறது?"

இன்ஜினியர் மொட்டை விரலைப் பார்த்தார். விரிசலைக் கண்டால் விடமுடியாத தொழில். "இது மட்டும் ஏம்மா விட்டுப்போச்சு?"

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்ப்பா. கட்டைவிரல் பூஜ்யம். அப்படியே வந்தா சுண்டுவிரல் நாலு. நான் 'நாலுக்குக் குறைவா இருக்கிற வரைக்கும் பூசு'ன்னு..." நிறுத்தினாள். "ஐயோ! மோதிர விரலோட நிக்கச் சொன்னதே நான்தான்!"

ஓடிப்போய்த் திருத்தினாள். "விரல் அஞ்சுதானே? அஞ்சு வரைக்கும்னு போட்டுட்டேன்!"

திரையில் வரிசையாக வந்தது: பூஜ்யம் ரோஸ், ஒன்று ஊதா, இரண்டு ரோஸ், மூன்று ஊதா, நான்கு ரோஸ். வகுப்பு கைதட்டியது. சுண்டுவிரலுக்கு ரோஸ் ஏறியது. சார் தும்மினார். அப்போதுதான் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது: ஐந்து ஊதா.

"ஏய் ரேடியோ, சாருக்கு ஆறாவது விரல் எங்கடி?" என்றாள் ஒரு தோழி.

சார் கையைத் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்தார், எங்கேயாவது இருந்தால் கொடுத்துவிடலாம் என்பதுபோல. அவள் ஊதா பாட்டிலும் கையுமாக நின்றாள். புரோகிராம் சொல்லிவிட்டது, பூசியாக வேண்டும்.

இன்ஜினியர் திரைக்குக் குனிந்தார். விரல் விட்டு எண்ணியபடி முணுமுணுத்தார். "பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு..." சுண்டுவிரலைத் தாண்டியதும் எண்ண விரல் இல்லை. "ஆறு வருதேம்மா."

"ஆமாப்பா. 'அஞ்சுக்குக் குறைவா'ன்னுதான் போட்டிருக்கணும்."

"அதை அப்புறம் மாத்து."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சிமென்ட் வெளுப்பு மாறாத தன் கட்டைவிரலை மேஜைமேல் வைத்தார். சார் தன் கையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.