காவடியில் குடியேறிய கதண்டுகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாகல் பந்தல் போட்டிருக்கிறேன். பூவாகப் பூத்துத் தள்ளியும் காய் பிடிக்காததால் போன வருஷம் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்தேன். அதற்கப்புறம்தான் பந்தலில் காய் தொங்கியது. பெட்டியைப் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் கதண்டு வந்தது. பெரிய குளவி, வயிற்றில் மஞ்சள் பட்டை. பெட்டி வாசலில் அந்தரத்தில் நின்று, வெளியே வரும் தேனீயைக் கவ்விக்கொண்டு பறந்துவிடும். எங்கே போகிறது என்று பார்த்தால், மாடிப்படிக் கூரையில் என் வீட்டுக்காரர் மாட்டி வைத்திருந்த காவடிக்குள். வளைவுக்கடியில் தேங்காய் அளவுக்குக் கூடு!

கலைக்கச் சொன்னேன். அவரோ ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தார்.

"மாலை போட்டுகினு உசுரைக் கொல்றதா? அதுவும் காவடியில தானா வந்து குந்தினத? முருகன்தான்மே அனுப்பினாரு."

"அப்போ என் தேனீய யாரு அனுப்பினாங்களாம்?"

கதண்டுக்கு விளக்கேற்றப் போய்விட்டார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் என் மாடிப்படியில் செருப்புக் குவியல். கற்பூரம், ஊதுபத்தி, அரோகரா! புகையில் கோபம் வந்த கதண்டு எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் ஒரு போடு போட்டது. மனுஷன் வீங்கிய கன்னத்தோடு கைகூப்பி, "செலவில்லாம அலகு குத்திட்டான்யா என் அப்பன்" என்றார். கூட்டம் இன்னும் கூடிப்போனது. நான் கொசு பேட்டும் கையுமாகப் பெட்டிக்குக் காவல் நின்றேன். ஒரு கதண்டை அடித்ததற்கு நாலு பேர் "ஐயோ பாவம்" என்றார்கள். என் தேனீக்குப் பாவம் பார்க்க ஒரு நாதியில்லை. ஆனால் நாள் முழுக்க நிற்க முடியுமா? சோறு வடித்துவிட்டு வருவதற்குள் நாலைந்து தேனீ போயிருக்கும்.

கூடு பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்தது. தேனீக்கள் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டன.

கிருத்திகையன்று காவடியை எடுக்கப் போனவரைக் கதண்டுகள் தெருவரைக்கும் துரத்தின. தெருக்கோடி வீட்டில் இரவல் காவடி வாங்கிக்கொண்டு மலையேறினார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு தேனீ இல்லை. இருந்த தேனையும் குடித்துவிட்டுக் கூண்டோடு கிளம்பிப் போயிருந்தன. பந்தலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். காய் பிடிக்காத பூக்கள் தரையெல்லாம் கிடந்தன.

மறுநாள் மாலையைக் கழற்றிய கையோடு மாடிக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் மண்ணெண்ணெய்ப் பந்தம்.

"நவுருமே, இப்போ கொளுத்திடறேன். விரதம்தான் முடிஞ்சிபோச்சே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தத்தைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் அமுக்கினேன். பந்தலிலிருந்து ஆண்பூ ஒன்றைக் கிள்ளி அவர் கையில் வைத்தேன்.

"இத்த எடுத்துகினு போயி, பிஞ்சு வெச்ச பூ ஒண்ணொண்ணுலயும் தடவுங்க."

"எதுக்குமே?"

"இனிமே இந்த வீட்டுக்குத் தேனீ நீங்கதான்."