கச்சான் விழக் காத்திருந்த லொறி

வண்டிச் சக்கரம் பாதி மணலில் புதைந்து, மாடு இரண்டும் இனி முடியாது என்று படுத்துக்கொண்டபோது மீன்கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த யோசனை வந்தது. சண்டைக் காலத்தில் இதே கரையில் பட்டாளத்து லொறியொன்று பறந்து போனதைக் கண்டிருக்கிறேன். இப்போது சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளமும் போய்விட்டது. லொறிகளை விற்றுவிட்டுத்தானே போயிருப்பார்கள்?

வாப்பாவின் கரைவலையில் படும் மீன், கரையிலிருந்து ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கருவாடாகிவிடும். அதனால் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"லொறிய நீயே பாத்து எடு. வாற பருவத்து முதல் வலை மீன, மாடு தொடாம ரோட்டுக்குக் கொண்டு போனா லொறி உனக்கு. இல்லாட்டி வாய்பேசாம சாச்சாட கடைக்குப் போ."

வாப்பாவின் தம்பியான சாச்சாவின் கடை கொழும்பில் இருக்கும் குடைக் கடை. நாள் முழுக்கக் குடையை விரித்துக் காட்ட வேண்டும். என்னைப் போல இங்கிலீஷ் படித்தவன் விரித்தால் துரைமார் வாங்குவார்களாம்.

மதுரங்குளிச் சந்தியில் ஒரு முதலாளியின் வீட்டு வளவில் மூன்று பட்டாளத்து லொறிகள் நின்றன. எங்கள் வண்டிக்காரரும் கூட வந்தார். கால் உள்ள எதையும் அவரைக் கேளாமல் வாப்பா வாங்கமாட்டார். சக்கரமும் கால்தான் என்பது அவர் கட்சி.

முதலாவது பெரியது, பின்னால் இரட்டைச் சக்கரம். "இது தின்னும், உழைக்காது" என்றார் வண்டிக்காரர். இரண்டாவதற்கு முன்விளக்கு ஒன்று இல்லை. "ஒத்தக் கண். வழியில படுக்கும்." மூன்றாவது சின்னது, பின்பக்கம் திறந்தது. டயர்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலம். அதை விட்டு நான் நகரவில்லை. மக்கம் போய் வந்த வாப்பா டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒட்டகத்துட கால் மாதிரி இரிக்கி."

அகலமான சக்கரம் மணலில் ஏன் புதையாது என்று விளக்க வாயெடுத்தேன். ஒட்டகம் வந்த பிறகு விளக்கத்துக்கு வேலை இல்லை. டயர் கல்லுப்போல இறுகியிருந்ததில் வாப்பாவுக்குக் கூடுதல் சந்தோஷம்.

சாவியைத் தரும்போது முதலாளி சொன்னார்: "மணலுல இறக்கக்குள்ள காத்துக் குறைவா இரிக்கோணும். காத்துக் கூடினா ஓடாது."

"கரையில பொறந்தவங்களுக்கு இதச் சொல்லோணுமா?" என்றார் வாப்பா.

தோணி தள்ளக் காற்று விழுந்து அடங்க வேண்டும், வலை வளைக்கவும் விழ வேண்டும். லொறிக்கும் அப்படித்தான் என்று மூவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். லொறியின் முகத்தில் காற்று மோதினால் பாரம் பின்சக்கரத்துக்குப் போய் அது புதையும் என்று பௌதிகத்தோடு விளக்கியவன் நானேதான்.

அந்த வருஷம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று விழ மறுத்தது. சந்தியில் ஒரு சாரதியிடம் ஓட்டப் பழகி முடித்தேன், கச்சான் முடியவில்லை. கடலும் அடங்கவில்லை, வலையும் இறங்கவில்லை. லொறி ரோட்டோரம் ஓலைக்கொட்டிலில் நின்றது. வாப்பா காலையில் வந்து விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போவார்.

"மாடு காத்திலயும் நடக்கும் தம்பி" என்பார் வண்டிக்காரர்.

ஒருவழியாகக் காற்று விழுந்தது. இரவு மழையில் இறுகிக் கிடந்த ஈரமணல் வழியாக லொறியைக் கரைக்குக் கொண்டுவந்தேன். முதல் வலையில் சூடை மீன் குவிந்தது. கூடைகளை ஏற்றி, அதற்குள் வெயிலில் காய்ந்துவிட்ட மணலில் திருப்பினேன். லொறி முன்னால் போகவில்லை, கீழே போனது.

வாப்பா வானத்தைப் பார்த்தார். "காத்து இல்லயே!"

"மேல கொஞ்சம் இரிக்கி, ஹாஜியார்" என்றான் வலைக்காரன் ஒருவன், வட்டமிட்ட பருந்தைக் காட்டி. அந்தக் காற்றும் விழட்டும் என்று காத்திருந்தோம். களைத்துப்போன இன்னொருவன் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறினான்.

"விசிறாதேடா!" என்று வாப்பா கத்தினார்.

மீன் மணக்கத் தொடங்கியதும் வண்டிக்காரர் மாடுகளைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார். அப்படித்தான் ரோட்டை அடைந்தோம். அங்கே மீன் வாங்க வந்து நின்ற, லொறி விற்ற முதலாளி டயரை உதைத்துப் பார்த்தார்.

"காத்தக் குறைக்கல்லயா?"

"அது தானா விழுந்திட்டே" என்றார் வாப்பா.

முதலாளி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "டயருட காத்து, ஹாஜியார்! டயருக்குள்ள இரிக்கிற காத்து!"

வாப்பா சிரிக்கவில்லை. "மாடு தொட்டிட்டு" என்று வண்டிக்காரர் ஞாபகப்படுத்தினார். எனக்குக் கண் முன்னால் கறுப்புக் குடைகள் விரிந்தன.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வலை இறக்கும் முறை காற்றால் கெட்டுப்போனால் அது கணக்கில் சேராது. அவனுக்கு மறுமுறை கொடுக்க வேண்டும்.

"வெளியிலதான் கச்சான் விழுந்திச்சி, வாப்பா. டயருக்குள்ள இன்னும் விழல்ல. காத்தில கெட்ட முறை இது" என்றேன்.

வாப்பா தாடியைத் தடவினார். "ஓம், இன்னொரு முறை. அதுக்குப் பிறகு குடைதான்."

நாளை விடியற்காலை சுபஹு தொழுததும் காற்றை இறக்கப்போகிறேன். எவ்வளவு என்று முதலாளிக்கும் சரியாகத் தெரியாது. ஒட்டகத்தின் பாதம் போலப் பரவும்வரை என்பது வாப்பாவின் அளவு. ரோட்டில் ஏறியதும் நான்கு டயரையும் திரும்ப நிரப்ப வேண்டும். ஊரில் இருப்பது ஒரேயொரு சைக்கிள் பம்ப், அது பள்ளிவாசல் லெப்பையுடையது. இரவல் கேட்டபோது அவர் ஒன்றைத்தான் விசாரித்தார்.

"நிரப்பி முடிச்ச பிறகு, திரும்பிக் கரைக்கு வாறதுக்கு?"

"மறுபடி இறக்கோணும், லெப்பை."

பம்பைத் தனியே தர அவருக்கு மனம் வரவில்லை. காலையில் தானும் வருகிறாராம்.