மிதவையின் மேல் லாவகம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பொறுத்து வாசியுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டிவைக்கும் வேலை எனக்கு. கப்பலிலிருந்து இறக்கும் பெரிய கயிற்றைப் படகில் இழுத்துக்கொண்டு போவோம். கடலில் மிதக்கும் இரும்பு மிதவையின் மேல் நான் பாய வேண்டும். கயிற்றின் வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பப் படகுக்குள் பாய வேண்டும். அதன் பிறகே கையை உயர்த்துவேன். உயர்ந்த கையைக் கண்டதும் கப்பலில் இயந்திரம் கயிற்றை இழுக்கும்.

படகோட்டி கிண்ணியாக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும், "தம்பிட கால்ல என்ன லாவகம்!" என்பார்.

மனைவி தோசைக்கல்லில் ரொட்டியை விரல் நுனியால் புரட்டுவதும், நெரிசலான பஸ்ஸில் கொண்டக்டர் நழுவிப் போவதும் லாவகம்தான். அழகான சொல். எனக்கோ அது பொருந்தாது. என் கால் பாய்வது பயத்தினால். அதைச் சொல்லக் கூச்சம்.

போன மார்கழியில் ஒரு நாள் வாடைக்காற்று பலமாக இருந்தது. மிதவை முழுதும் பாசி. கயிற்றை மாட்டிவிட்டுத் திரும்பினேன், கால் வழுக்கியது. விழாமல் நிற்க இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயின.

கப்பல் இழுக்கத் தொடங்கியது.

"கையைக் கீழ போடு! விசரா உனக்கு?" நானா கத்தினார்.

கையை இறக்கினால் கடலில் விழுவேன். கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பியது. மிதவை சரிந்தது. குப்புற விழுந்து இரும்பு வளையத்தைக் கட்டிப்பிடித்தேன். தலைக்கு மேலே கயிறு இறுகி முனகியது. நானா படகை மோதுவதுபோல் கொண்டுவந்து, என் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துப் போட்டார்.

"விழுறதுலயும் லாவகம்தான்," என்றார். சுக்கானைத் திருப்பிப் படகை மிதவையிலிருந்து விலக்கினார்.

அப்போதுதான் சொன்னேன்: "நானா, எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்."

"எனக்கு மட்டும் இல்லையா? நீ பாயிற நேரமெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்றனான்."

"ஐயோ! இனியாவது திறந்து வைச்சிருங்கோ, நானா."

இப்போது மிதவையில் நான் நிமிர்ந்து நிற்பதில்லை. கைகள் உயராதபடி தவழ்ந்தே போய்த் தவழ்ந்தே வருகிறேன். பார்ப்பவர்களுக்கு அதில் லாவகம் எதுவும் தெரியாது. நானாவும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.

நாளை காலை ஒரு கப்பல் வருகிறது. காற்று இன்னும் அடங்கவில்லை.

தை இரண்டாம் நாள், பட்டிப்பொங்கல்.