பிலோமினா அக்காவின் வைன் அறை

போன கிழமை கண்டி வீதியோரம் பஸ்ஸுக்காக நின்றபோது, யாரோ சிந்திவிட்டுப் போன நாவற்பழங்களின் மேல் லொறியொன்று ஏறிப்போனது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் எழுந்தது. எனக்கோ கோபம் வந்தது. எண்பதைத் தாண்டிய கிழவிக்கு நடுத்தெருவில் பழத்தோடு என்ன கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வட்டக்கச்சிக்கு அப்பால் ஒரு குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. ஆசிரியைகளுக்கென்று தகரக்கூரை போட்ட சின்ன வீடொன்று இருந்தது. அதில் எனக்கு முன்பே குடியிருந்தவர் பிலோமினா அக்கா. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நத்தார்ப் பண்டிகைக்கு நாவற்பழ வைன் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

இந்த வெக்கைக்குள் வைனா என்று சிரித்தேன். முதற்சாடியும் என் பக்கம்தான் நின்றது. நுரைத்துப் பொங்கி, கொஞ்ச நாளில் வினாகிரியாகிவிட்டது. அதை ஊற்றி மிளகாய் அச்சாறு போட்டோம். அச்சாறு நன்றாகவே இருந்தது.

அக்கா விடவில்லை. குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறையை ஒழித்தார். தகரத்தின் மேல் தென்னோலைக் கிடுகு பரப்பிக் கட்டினோம். நிலத்தை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, வாய்க்கால் மணல் நிரப்பி, மூன்று சாடிகளைக் கழுத்துவரை புதைத்தோம். ஜன்னலுக்கு நனைத்த சாக்கு. பழத்தைச் சீனியும் கறுவாவும் போட்டுக் கையால் பிசைந்ததில் என் நகமெல்லாம் ஊதாவாகி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. காலையும் பின்னேரமும் மணலை நனைப்பது என் பொறுப்பு. அக்கா குனிந்து சாடியின் கழுத்தில் கன்னத்தை வைத்துச் சூடு பார்ப்பார்.

“அக்கா, நாங்கள் படிப்பிக்க வந்தனாங்களோ, பழத்துக்குத் தாலாட்டுப் பாட வந்தனாங்களோ?”

“ரெண்டுக்கும்தான். மணலை நனை.”

மணம் வீட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஒருநாள் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்றார்.

“பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாறார், ரீச்சர். ரெண்டு போத்தில் தாங்கோ.”

“இது பாலன் பிறப்புக்கு வைச்சது, சேர். தரேலாது.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் மத்தியானம் ஊர் அதிகாரியான விதானையாரோடும் இரண்டு ஆட்களோடும் திரும்பி வந்தார்.

“ரெண்டு பொம்பிளையள் இருக்கிற வீட்டிலை சாராயம் காய்ச்சுறியளோ?”

“காய்ச்சேல்லை, சேர். பழம் ஊறப் போட்டிருக்கு. முந்தநாள் நீங்களே கேட்டனீங்கள்தானே?”

அவர் அதைக் கேளாதவர்போல என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உமக்கும் இதிலை பங்கிருக்கோ?”

வேலை நிரந்தரமாகாத காலம். வீட்டில் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். இதெல்லாம் பிறகு நானே தேடிப்பிடித்த காரணங்கள். அந்த நேரம் வாயில் வந்தது ஒன்றுதான்: “எனக்கொண்டும் தெரியாது, சேர்.”

அக்கா என் நகங்களைப் பார்த்தார். பிறகு, “ஓம், அவளுக்குத் தெரியாது. எல்லாம் நான்தான்,” என்றார்.

ஒரு சாடியை முற்றத்தில் கவிழ்த்தார்கள். மற்ற இரண்டையும் சாட்சிப்பொருள் என்று வண்டிலில் ஏற்றினார்கள். வழக்கு ஒன்றும் வரவில்லை. சாட்சிப்பொருள் அன்று பின்னேரமே தலைமை ஆசிரியர் வீட்டு விறாந்தையில் குடித்து முடிக்கப்பட்டது ஊருக்கே தெரியும். நத்தாருக்கு முன்பே அக்காவுக்கு இடமாற்றம் வந்தது. எனக்கு வரவில்லை. அடுத்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிச் சிபாரிசு எழுதியவரும் அதே மனிதர்தான். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் ஓய்வுபெற்றபோது மாலை போட்டார்கள், மண்டபத்தில் படம் மாட்டினார்கள். அந்த மண்டபம் சண்டையில் போனது. தகரக்கூரை வீடு இருந்த இடத்தில் இப்போது நெல் விதைக்கிறார்கள்.

அக்காவிடமிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. “புதுசா வந்த ரீச்சர் உன்னோடை ஒத்துப்போறாவோ? தனிய இராதை,” என்று எழுதியிருந்தார். திட்டி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பதில் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள அக்கா’ என்பதற்கு மேல் பேனை ஓடவில்லை. அவருடைய விலாசமும் அந்த இரண்டு சொல்லும் ஒரே பெட்டியில் கிடந்தன. இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தப் பெட்டியை எந்த ஊரில் விட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.