டிரான்ஸில் தொடங்கும் வார்த்தைகள்

நாற்பது வயதில் துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்கு இன்டர்வியூ போனேன். ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ‘டிரான்ஸ்’ என்று தொடங்கும் வார்த்தைகளை அர்த்தத்தோடு உருப்போட்டேன்: டிரான்ஸ்ஃபர், டிரான்சிட், டிரான்ஷிப்மென்ட். இன்டர்வியூ எடுத்த மேடம் அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதும் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

அவர் தண்ணீரை நீட்டி, “வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுதாருன்னு சொன்னீங்கள்லா? கப்பல்ல வார பெட்டியெல்லாம் லாரியில ஏறிருமா?” என்றார்.

“இல்ல மேடம். சில பெட்டி துறைமுகத்த விட்டு வெளியவே வராது. ஒரு கப்பல்ல இருந்து இறக்கி, இன்னொரு கப்பல்ல ஏத்தி, வேற நாட்டுக்கு அனுப்பிருவாவ.”

“நான் கேட்டதும் அதத்தான்!” என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொல்லும் லாரிக் கதைகளுக்கு வெறும் ‘உம்’ கொட்டியே பழகியவள் நான். அன்று சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டேன்: “இன்னைக்கு என்ன பெட்டி ஏத்துனீங்க?”