ரோஜாவுக்கு அடியில்

மரக்காணத்தில் என் அக்கா வேலை செய்த பழைய பங்களாவின் பின்னால் ஒரு ரோஜாத் தோட்டம் இருந்தது. பங்களாவின் சொந்தக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்டதால் செடிகளைக் கவனிக்க ஆளில்லை. அவை ஆளுயரம் வளர்ந்து, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி, ஜன்னல் கம்பிக்குள்ளும் நுழைந்திருந்தன. கருகிய பூவும் அன்று மலர்ந்த பூவும் ஒரே கிளையில் இருந்தன. ஒழுங்காகக் கத்தரித்த எந்தத் தோட்டத்துக்கும் அந்த அழகு வராது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

2004 கோடையில் அதை வரைந்தேன். நடுவில் நிற்கச் சொன்னேன் என்று அக்கா இரண்டு நாள் வெயிலில் நின்றாள். "கால் கடுக்குதுடா, சீக்கிரம் முடி" என்பாள். முடித்துப் பார்த்தால் எனக்குத் திருப்தியில்லை. ஆள் நின்றதும் அந்தக் காட்டின் அழகே போய்விட்டதாகப் பட்டது. அவள் மேலேயே பூவும் இலையுமாகத் தீட்டி மூடிவிட்டேன். பெரிய மேதை என்று நினைப்பு எனக்கு. அவளிடம் சொல்லக்கூட இல்லை.

டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து அக்காவையும் வீட்டையும் கொண்டுபோனது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

அக்காவின் முதல் வருஷத்துப் பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அக்கா வீட்டுக்காரர் குயிலாப்பாளையத்தில் இருந்த என் அறைக்கு வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

"அந்தத் தோட்டத்துல உங்க அக்கா நின்னுச்சே, அந்தப் படத்தைக் குடு மச்சான். மாதா கோயில்ல வெச்சு மாலை போடணும். அது மூஞ்சி எனக்கே மறந்துடும் போல இருக்குது."

படத்தைக் காட்டினேன். "இதுல எங்க?" என்றார். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பூவுக்கு அடியிலதான் இருக்குது மாமா" என்று மழுப்பிவிட்டு டீ வாங்கப் போனேன். கோழை நான்.

திரும்பி வந்தபோது அவர் நான் பெயிண்ட் வழிக்கும் தகட்டால் படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உப்புப் பாத்தியில் மேலே படிந்த அழுக்கை வழித்தால் அடியில் வெள்ளை உப்பு இருக்கும். வாழ்நாளெல்லாம் அப்படி வழித்த கை அது. அதே பக்குவத்தோடு, நோகாமல் வழித்திருந்தார். பூவோடு சேர்ந்து அக்காவின் முகமும் பெயர்ந்து வந்துவிட்டிருந்தது. நடுவில் வெறும் துணி.

"உள்ள இருக்குதுன்னு சொன்னியே" என்றார்.

"விடுங்க மாமா, திரும்பப் போட்டுடறேன்."

பிரஷை எடுத்தேன். சுற்றியிருந்த பூக்களில் எது எந்தக் கிளையில் எப்படிச் சாய்ந்திருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அக்காவின் நெற்றி வந்தது, புருவம் வந்தது. மூக்கில் கை நின்றுவிட்டது.

"மூக்குத்தி எந்தப் பக்கம் மாமா?"

அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"அது மூக்கே குத்தலியே மச்சான்."