கரை போடாத பக்கம்

ஒரு திங்கட்கிழமை காலை, என் இடது காலில் இருந்த செருப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பால் ஊற்றும் அம்மாள்தான் தெருவில் நின்று சிரித்தாள். "இன்னா மேடம், ஒத்தக் கால்ல செருப்பு மாட்டிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?"

மணி ஏழு இருபது. குறித்துக்கொண்டேன். கருவூல அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எது நடந்தாலும் முதலில் நேரத்தைக் குறிப்பது, அடுத்து உரிய தாள்களைத் திரட்டுவது, அதன் பிறகுதான் நடவடிக்கை.

வீட்டுக்குள் வந்ததும் காப்பித் தம்ளர் இடது கையிலிருந்து நழுவியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். ஸ்ட்ரோக் (பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது அல்லது வெடிப்பது). மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனால் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள். அட்டையைத் தேடத் தொடங்கினேன்.

அலமாரியின் வலது பக்கத்தை மூன்று முறை காலி செய்து மூன்று முறை அடுக்கினேன். பதினொரு மணிக்கு மேல் பக்கத்து வீட்டு லோகநாயகி வந்தாள். கணவனும் மனைவியுமாகத் தறி நெய்கிறவர்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள்.

"யக்கா, வாய் ஏன் கோணிக்கினு போவுது?"

"கார்டைக் காணோம் லோகு. கிடைச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"தோ இருக்குதே! உன் மூக்குக்கு எதிர்ல வச்சிக்கினு தேடறியே!"

இடது தட்டில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். சி.டி. ஸ்கேன் (மூளையைக் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டார். ஏழு இருபது என்றேன். இவ்வளவு சரியாக யாரும் சொல்வதில்லை என்று பாராட்டினார். பிறகு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்றார். இருபத்தைந்து நிமிடம் கடந்திருந்தது. போட்டிருந்தாலும் முழுக்கச் சரியாகியிருக்கும் என்று உறுதி கிடையாது என்று சேர்த்துச் சொன்னார். நல்ல மனிதர்.

என் காப்பீட்டு அட்டையில் மட்டும் யாராலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது முகம் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால், தயவுசெய்து எதையும் தேடாதீர்கள். ஆளை மட்டும் கொண்டுபோங்கள்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தேன். கால் ஓரளவு நடந்தது. இடது கை, பிடி குறைந்தாலும் அசைந்தது. பேச்சில் குறையில்லை, குறைந்திருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடியவர்கள் சிலர் உண்டு. புறா ரத்தம் தடவச் சொன்ன உறவினர்களை அனுப்பி வைக்க அந்தப் பேச்சுதான் உதவியது.

தாம்பரத்தில் இருக்கும் என் மகள் வித்யா ஒரு மாதம் விடுப்பில் வந்திருந்தாள். நான் இனித் தனியாக இருக்க முடியாது, தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். முடியாது என்றேன். கணவர் போன பிறகு ஒன்பது ஆண்டுகள் பெரிய காஞ்சிபுரத்தில் இந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறேன். தனிமையை நான் சகித்துக்கொண்டிருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். மூன்று மாதம் கழித்து மருத்துவர் பார்ப்பார். அவர் சரி என்றால் நான் இங்கே, இல்லையென்றால் தாம்பரம்.

நான் தேறிவிட்டேன் என்று காட்ட என்னிடம் ஒரு வழி இருந்தது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து துண்டுத் துணிகளை வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சின்னச் சின்ன ஒட்டுப் போர்வைகள் தைப்பேன். தையல் கடையில் ரவிக்கை வெட்டி மிஞ்சும் பட்டுத் துண்டுகள்தான் சரக்கு. தலையணை உறை அளவு, அதிகம் போனால் குழந்தைக்குப் போர்த்தும் அளவு. பழைய கோப்பு அட்டைகளில் ஜரிகைப் பிசிறும் நூலும் ஒட்டிப் படங்களும் செய்வேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மறுக்க வழியில்லை.

இடது கையால் துணியை அமுக்கிப் பிடித்து வலது கையால் தைத்தேன். மெதுவாகத்தான் போனது. மூன்று வாரத்தில் ஒரு சிறிய போர்வையை முடித்து வித்யாவிடம் நீட்டினேன். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "சூப்பர்மா" என்றாள். படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வரிசையாக இதயங்கள் வந்தன. என் அண்ணன் மகன், மாடர்ன் ஆர்ட் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தான். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணும் கைதட்டினாள்.

அன்று சாயங்காலம் லோகு வந்தாள். போர்வையை எடுத்து விரித்தாள். திருப்பினாள். மறுபடி விரித்தாள்.

"இன்னாக்கா இது, எடது கரையே போடாம உட்டுட்ட?"

"என்ன உளர்ற? முடிச்சிட்டேனே."

"முடிச்சியா? பாதித் துணி மொட்டையா இருக்குது. வலப்பக்கமே எல்லாத்தையும் அடைச்சி வச்சிருக்கற, கும்பல் பஸ்ல ஏறின மாதிரி."

"வித்யா, இவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடு" என்றேன்.

வித்யா சிரிக்கவில்லை. அழுதாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மூன்று வாரமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை நான் மட்டும் பார்க்கவில்லை என்று. போர்வையை என் வலப்பக்கம் நகர்த்திப் பிடித்து லோகு காட்டினாள். பாதிக்கு மேல் ஒரு தையல்கூட இல்லாத வெள்ளைத் துணி.

லோகுவுக்கு அது கண்ணில் பட்டதில் வியப்பில்லை. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்தால், நெய்பவர் ஒருவரால் இரண்டு கரைகளையும் கவனிக்க முடியாது. இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கரைக்கு, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். கோர்வை என்பார்கள். இருபது ஆண்டுகளாகப் புருஷனுக்கு இடது கரை போடுவதுதான் அவள் வேலை. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் துணியைப் பார்த்தாள்.

மருத்துவர் இதற்குப் பெயர் சொன்னார். நெக்லெக்ட் (ஒருபக்கப் புறக்கணிப்பு, கண் நன்றாக இருந்தும், மூளை ஒரு பக்கத்தை இல்லாததாகவே நடத்துவது). கண்ணாடி போட்டால் தீராது. நோயாளிக்குத் தானாகத் தெரியவும் தெரியாது. கண் தெரியாதவருக்கு இருட்டு என்று ஒன்றாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. தட்டின் இடது பாதியில் இட்லி மீந்திருக்க, இன்னும் வைக்கவில்லையே என்று கோபித்துக்கொள்வேன். தட்டைத் திருப்பி வைத்தால் இட்லி வந்துவிடும்.

உடற்பயிற்சிப் பெண் மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள். அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். லோகு இன்னும் கறாரானவள். மிஞ்சிய ஜரிகைக் கரையை வெட்டி, நான் தைக்கும் துணியின் இடது ஓரத்தில் தைத்துவிட்டாள். "ஜரிகை மின்னற வரைக்கும் போ. மின்னலைன்னா நீ இன்னும் போய்ச் சேரலைன்னு அர்த்தம்."

போனேன். கழுத்து வலிக்கத் திருப்பித் திருப்பி, இரண்டாவது போர்வையை இரண்டு ஓரமும் தொட்டு முடித்தேன். லோகு அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கூலி குடுக்கலாம்" என்றாள். இதய அடையாளங்களைவிட அது பெரிது.

வித்யாவின் விடுப்பு முடிந்த பிறகு எனக்குச் சாப்பாடு லோகு வீட்டிலிருந்து வந்தது. மூன்று மாதப் பரிசோதனைக்கு வித்யாவால் வர முடியவில்லை. லோகுதான் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். தாளில் கோடுகளைக் கொடுத்து நடுவில் குறியிடச் சொன்னார்கள். தாளில் சிதறிக் கிடந்த நட்சத்திரங்களை ஒன்று விடாமல் கோடு போட்டு அடிக்கச் சொன்னார்கள். எனக்குத்தான் நடைமுறை தெரியுமே. தாளைக் கொடுத்ததும் இடது ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். எல்லாம் சரி. மருத்துவரே கைகுலுக்கினார். தேர்வுக்குப் படித்தவள் தேர்வில் தேறுவாள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைத் தமிழில் அச்சடித்து ஒரு தாள் தந்தார்கள். அன்று மாலை அதைத் தொலைபேசியில் வித்யாவுக்கு வரிவரியாக வாசித்தேன். மூன்றாவது வரி: "அடுப்பைப் பயன்படுத்தலாம்."

"நிஜமாவாம்மா?"

"அச்சடிச்சிருக்குடி. நானா எழுதினேன்?"

அவள் மறு கேள்வி கேட்கவில்லை. ஆயுள் முழுக்கத் தாள்களில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய அம்மா ஒரு வரியைத் தப்பாக வாசிப்பாள் என்று எந்த மகள் நினைப்பாள்?

தாளில் இருந்தது இது: "யாராவது உடன் இருக்கும்போது அடுப்பைப் பயன்படுத்தலாம்." அதன் இடது பாதி எனக்கு இல்லை. தாளுக்கு ஜரிகைக் கரை யாரும் தைத்திருக்கவில்லை.

ஆறு நாள் நானே சமைத்தேன். ஏழாம் நாள் காலை வலது அடுப்பில் பால் பொங்கியது. அணைத்தேன். இடது அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அது அங்கே இல்லை. வலது கையால் பாலை ஆற்றிக்கொண்டே மேடையில் சாய்ந்து நின்றேன்.

அப்போது ஒரு வாசனை வந்தது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. பட்டு அசலா என்று பார்க்க ஒரு நூலைக் கொளுத்துவோம். அசலானால் மயிர் பொசுங்குகிற வாடை வரும். ஏதோ துண்டுத் துணி அடுப்பில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பரவாயில்லை, தையற்காரர் ஏமாற்றவில்லை, அசல் பட்டுதான் தருகிறார் என்றும் நினைத்தேன். வலப்பக்கம் தரையெல்லாம் குனிந்து தேடினேன்.

வாடை எட்டியதும் லோகு அவள் வீட்டுத் தறியிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். "கைய எடுக்கா! ஐயோ, கைய எடு!"

எந்தக் கையை என்று கேட்டேன்.

என் இடது கை தோசைக்கல்லின் மேல் இருந்தது. அவள் அதைப் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்த பிறகுதான் வலித்தது. அதுவரை அது யாருடைய கையோ.

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் இருக்கிறது, மடங்காது. தோல் ஒட்டு (தொடையிலிருந்து தோலை எடுத்து, வெந்த இடத்தில் வைத்துத் தைப்பது) இரண்டு முறை செய்தார்கள். முதல் ஒட்டு பிடிக்கவில்லை. இரண்டாவது, ஓரங்கள் சுருங்கி, கொஞ்சம் நிறம் மாறிப் பிடித்தது. இதைவிட நேர்த்தியாக நான் தைப்பேன் என்று அறுவை மருத்துவரிடம் சொன்னேன். "தைப்பீங்கம்மா, ஆனா உங்க துணிக்கு ரத்தம் ஓட வேண்டியதில்லையே" என்றார். சரியான பதில்.

கட்டுப் பிரித்த அன்று அவர் வித்யாவிடம், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அந்தத் தாளைப் பற்றி அவள் அன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"யாரும் இல்லை" என்றேன். "இனிமேல் மகள் வீட்டில் இருப்பேன்."

ஒரு கையால் தைக்க முடியாது. ஒட்ட முடியும். புறப்படுவதற்கு முன், மிஞ்சிய துண்டுகளைத் தரம் பிரித்து ஒரு பெட்டியில் போட்டேன். லோகு பெட்டியைக் காரில் வைத்தாள். வீட்டைப் பூட்டி வந்து, காரை ஓட்டும் வித்யாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். தெருவை ஒரு முறை முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். இஸ்திரிக் கடை, தண்ணீர்த் தொட்டி, நீலக் கதவு போட்ட வீடு. கார் நகர்ந்தது.

வாலாஜாபாத் தாண்டும்போது வித்யா கேட்டாள்: "லோகுக்காகிட்ட ஏதாவது கோபமாம்மா?"

"எனக்கென்ன கோபம்?"

"உன் பக்கத்துக் கண்ணாடியைப் பிடிச்சிக்கிட்டு நின்னாங்களே. தட்டக்கூடச் செஞ்சாங்க. நீ அந்தப் பக்கமே திரும்பலை."

என் இடப்பக்கம். ஒரு கை நீட்டினால் தொடும் தூரம்.

போன் போடச் சொன்னேன். வித்யா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"லோகு, நீ நின்னதைப் பார்த்தேன். கையாட்டினேனே."

கருவூலத்தில் இருந்தபோது பொய்யான உறுதிமொழிகளை எத்தனையோ பேருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறுமுனையில் தறிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"எந்தக் கையாலக்கா?" என்றாள்.

தலையைத் திருப்பினேன், கன்னம் கண்ணாடியில் இடிக்கும்வரை. ஒரு அரிசி ஆலையின் சுவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இப்படித்தான் இருக்கிறேன் இப்போது. வலப்பக்கம் நடப்பது நடக்கும்போதே தெரிகிறது. இடப்பக்கம் நடப்பது, நடந்து முடிந்து, சில மைல் கடந்த பிறகு, யாராவது சொல்லித்தான் வந்து சேர்கிறது.